சேர்த்துக்கொள்ளப்படாத பிள்ளை

(கூட்டமைப்பின் மாதாந்திரக் கூட்டத்தில் கள ஒருங்கிணைப்பாளர் ஆற்றிய உரை)



பிரஷர், சுகர்னு சொன்னதும் நமக்கு உப்பு, எண்ணெய், இனிப்புதான் ஞாபகம் வரும். அது சரிதான். ஆனா சின்ன வயசுல கூட விளையாட ஆள் இல்லாம இருந்ததும் உடம்பைப் பாதிக்கும்னு சொன்னா நம்புவீங்களா?

நியூசிலாந்து நாட்டில் டுனீடின் என்று ஒரு ஊர். அங்கே 1972, 73-ல் பிறந்த சுமார் ஆயிரம் குழந்தைகளைப் பல வருடங்களாகத் தொடர்ந்து கவனித்து வருகிறார்கள். 5 வயது முதல் 11 வயது வரை, இரண்டு வருடத்துக்கு ஒருமுறை பெற்றோரிடமும் ஆசிரியரிடமும் விசாரித்தார்கள். பிள்ளை தனியாவே இருக்கா, மத்த பிள்ளைகளுக்கு அதைப் பிடிக்கலையா என்று கேட்டார்கள். அவர்களுக்கே 26 வயதானபோது எடை, இரத்த அழுத்தம், கொழுப்பு, சர்க்கரை எல்லாம் பரிசோதித்தார்கள். 2006-ல் முடிவு வெளியானது. சின்ன வயதில் தனித்திருந்தவர்களிடம், பின்னால் இருதய நோய்க்குக் காரணமாகிற குறைகள் அதிகமாக இருந்தன.

"வீட்டுல வறுமையா இருந்திருக்கும்"னு நீங்க நினைக்கலாம். அதையும் பார்த்தார்கள். சின்ன வயதிலேயே குண்டா, பிறகு புகை, குடி உண்டா என்றும் பார்த்தார்கள். அதையெல்லாம் கழித்த பிறகும் வித்தியாசம் இருந்தது.

ஒரு தவணை விட்டால் அடுத்த மாதம் சேர்த்துக் கட்டிவிடலாம். தொடர்ந்து விட்டால் பாக்கி ஏறிக்கொண்டே போகும் இல்லையா? இதுவும் அப்படித்தான். சின்ன வயது, வாலிப வயது, அதற்குப் பிறகும் என்று தொடர்ந்து தனித்திருந்தவர்கள்தான் அதிகம் பாதிக்கப்பட்டார்கள். தனியாக இருந்த எல்லாருக்கும் நோய் வரும் என்று அர்த்தமில்லை, வாய்ப்பு கூடுகிறது. இடையில் கை கொடுத்தால் பாக்கி ஏறாமல் தடுக்கலாம்.

இப்ப நம்ம ஊருக்கு வருவோம். யாரை விளையாட்டுல சேர்க்க மாட்டேங்கிறாங்க? கால் சரியில்லாத பிள்ளை, திக்கிப் பேசுற பிள்ளை, அப்பா அம்மா செங்கல் சூளைக்குப் போயிட்டதால பாட்டிகிட்ட வளர்ற பிள்ளை. இன்னொண்ணும் சொல்லணும், கோபப்படாதீங்க. "அந்தத் தெருப் பிள்ளையோட சேராதே"ன்னு சொல்றது யாரு? ஐந்து வயசுப் பிள்ளைக்குத் தெரு வித்தியாசம் தானா தெரியாது. நாமதான் சொல்லிக் கொடுக்கிறோம். குழுவில் எல்லாத் தெருக்காரங்களும் ஒரே பாயில உட்கார்ந்து பணம் எண்ணுறோம். நம்ம பிள்ளைங்க ஒரே திண்ணையில விளையாடுறாங்களா?

ஒவ்வொரு குழுவும் செய்யக்கூடியவை:

1. "என்ன மார்க்?" என்று கேட்பதோடு, "இன்னைக்கு யார்கூட சாப்பிட்டே? யார்கூட விளையாடினே?" என்றும் கேளுங்கள்.

2. தனியாக நிற்கும் பிள்ளையை உங்கள் பிள்ளையோடு வீட்டுக்குக் கூப்பிடுங்கள். ஒரு கூட்டாளி கிடைத்தாலே பெரிய ஆறுதல்.

3. ஒரு பிள்ளையைப் பட்டப்பெயர் சொல்லி ஒதுக்கினால் அங்கன்வாடிப் பணியாளரிடமும் ஆசிரியரிடமும் பேசுங்கள். கொடுமை நடந்தால் 1098 என்ற எண்ணுக்குக் கட்டணமின்றிப் பேசலாம்.

4. சில பிள்ளைகளுக்குத் தனியாக இருப்பதே பிடிக்கும். அவர்களை வற்புறுத்த வேண்டாம். மனசு வாடியிருக்கிறதா என்று மட்டும் கவனியுங்கள்.

தனியாகவே வளர்ந்த பெண்கள் நம்மிடையேயும் இருப்பார்கள். குழுவுக்கு வந்து நாலு பேரோடு பேசிச் சிரிப்பது அவர்களுக்கும் நல்லது. பிரஷர், சுகர் பரிசோதனையையும் தள்ளிப்போடாதீர்கள்.

அடுத்த கூட்டத்தில் கடன், சேமிப்பு பேசி முடித்ததும் ஒரு கேள்வி கேளுங்கள்: "நம்ம ஊருல எந்தப் பிள்ளை தனியா நிக்குது?" அதற்கு என்ன செய்வது என்பதைத் தீர்மான நோட்டில் எழுதுங்கள்.