நீங்கள் எந்தப் பக்கம்?



தேர்தல் காலம் வந்துவிட்டால், என்னைச் சந்திப்பவர்கள் உடல்நலம் விசாரிப்பதற்கு முன்பே வேறொரு கேள்வியைக் கேட்டுவிடுகிறார்கள். "நீங்கள் எந்தப் பக்கம்?" என்பதே அந்தக் கேள்வி. "இன்னும் எந்தப் பக்கமும் இல்லை, யார் என்ன சொல்கிறார்கள் என்று கேட்டுக்கொண்டிருக்கிறேன்" என்று நான் பதில் சொன்னால் ஒருவரும் நம்புவதில்லை. சிலர் நகைக்கிறார்கள். சிலர், "நம்மிடம் உண்மையைச் சொல்ல மனமில்லை போலும்" என்று வருந்துகிறார்கள். மற்றும் சிலரோ, நான் எதிர்த் தரப்பைச் சேர்ந்தவன் என்று அந்தக் கணத்திலேயே தீர்ப்பு எழுதிவிடுகிறார்கள். உள்ளேயும் போகாமல் வெளியேயும் போகாமல் வாசற்படியிலே நின்று வழியை மறிப்பவனைப் பார்ப்பதுபோல் என்னைப் பார்க்கிறார்கள். அந்த வாசற்படிக்காரனின் மனக்குறையைத்தான் இன்று உங்கள்முன் வைக்கப்போகிறேன். இன்றைய கட்சிகளின் பெயரை நான் சொல்லப்போவதில்லை. பெயரைக் கேட்டவுடனே பாதிப்பேர் காதை மூடிக்கொள்ளும் பழக்கம் நம்மிடையே வந்துவிட்டது.

2024ஆம் ஆண்டின் பொதுத்தேர்தலுக்குச் சில மாதங்களுக்கு முன்பு நடந்த ஒரு செய்தியிலிருந்து தொடங்குகிறேன். 2023 டிசம்பர் 13ஆம் நாள், மக்களவை நடந்துகொண்டிருந்தபோது, பார்வையாளர் மாடத்திலிருந்து இருவர் அவைக்குள் குதித்துப் புகைக் குப்பிகளைத் திறந்தனர். உள்துறை அமைச்சர் அவைக்கு வந்து விளக்கம் சொல்ல வேண்டும் என்று எதிர்க்கட்சியினர் கேட்டனர். கேட்டதோடு நில்லாமல் பதாகைகளை ஏந்தி முழக்கமிட்டு அவையை நடக்கவொட்டாமல் செய்தனர். ஆளும் தரப்பினர் விளக்கம் தருவதற்குப் பதிலாக உறுப்பினர்களை அவையிலிருந்து நீக்கி வைத்தனர். அந்தக் கூட்டத்தொடர் முடிவதற்குள் மக்களவையில் 100 பேரும் மாநிலங்களவையில் 46 பேரும் இவ்வாறு இடைநீக்கம் செய்யப்பட்டார்கள்.

அதே நாட்களில்தான் மூன்று குற்றவியல் மசோதாக்கள் நிறைவேறின. 1860ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டம், 1872ஆம் ஆண்டின் சாட்சியச் சட்டம், 1973ஆம் ஆண்டின் குற்றவியல் நடைமுறைச் சட்டம் ஆகிய மூன்றுக்கும் பதிலாக வந்த மசோதாக்கள் அவை. ஒரு குடிமகனைக் கைது செய்வது, விசாரிப்பது, தண்டிப்பது ஆகிய அனைத்தும் இவற்றில் அடங்கும். அவற்றை நாடாளுமன்ற நிலைக்குழு முன்னரே ஆராய்ந்தது என்பது உண்மை. அதைச் சொல்லாமல் விடுவது நியாயமாகாது. ஆனால் அவையிலே அவை குரல் வாக்கெடுப்பில் நிறைவேறியபோது எதிர்த்துப் பேசவேண்டியவர்களிற் பலர் வெளியே இருந்தார்கள். குரல் வாக்கெடுப்பில் யார் எப்படி வாக்களித்தார் என்ற கணக்கும் இராது.

எனக்கு ஒரு நண்பர் உண்டு, ஓய்வுபெற்ற ஆசிரியர். முப்பது ஆண்டுகளாக இருவரும் மாலையில் குளக்கரையில் உலாவி வருகிறோம். "இவ்வளவு பெரிய சட்டத்தை இப்படியா நிறைவேற்றுவது?" என்று அவரிடம் கேட்டேன். "ஓ, நீர் அந்தப் பக்கம் சாய்ந்துவிட்டீர்!" என்றார். மறுநாள் என் மைத்துனர் வீட்டுக்கு வந்தார். அவர் மற்றத் தரப்பில் பற்றுள்ளவர். "பதாகையை மடித்து வைத்துவிட்டு உள்ளே அமர்ந்து, ஒவ்வொரு பிரிவாகக் கேள்வி கேட்டிருக்கலாமே?" என்றேன். "அப்படியானால் நீங்கள் அவர்களுடைய ஆள்தான்!" என்று அவர் எழுந்து போனார். ஒரே வாரத்தில் இரண்டு கட்சிகளிலும் உறுப்பினனாகும் பேறு வேறு யாருக்குக் கிடைக்கும்? நகைச்சுவையாகச் சொல்கிறேனே தவிர, அதன்பின் நண்பர் ஐந்து மாத காலம் குளக்கரைக்கு வரவில்லை. அந்த வருத்தம் சிறியதன்று.

பின்னர்த் தேர்தல் வந்தது. தமிழ்நாட்டின் 39 தொகுதிகளிலும் ஏப்ரல் 19ஆம் நாளே வாக்குப்பதிவு முடிந்துவிட்டது. நாடெங்கும் ஏழு கட்டங்கள் முடிந்து வாக்குகளை எண்ணியது ஜூன் 4ஆம் நாள். இடையில் 46 நாட்கள். கொடுக்க வேண்டிய வாக்கைக் கொடுத்தாகிவிட்டது; இனி ஆர அமர நாட்டு நடப்பைத் தெரிந்துகொள்ளலாம் என்று நான் நாள்தோறும் தொலைக்காட்சியின் முன் அமர்ந்தேன். புதிய சட்டங்கள் ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வரும் என்று அரசு பிப்ரவரி மாதமே அறிவித்திருந்தது. அவற்றைப் பற்றி யாரேனும் விளக்குவார்கள் என்று எதிர்பார்த்தேன். நான் பார்த்த மாலை விவாதங்களில் அவை தலைகாட்டவில்லை. யாருக்கு எத்தனை இடம், யார் யாரை என்ன சொல்லி ஏசினார், அதற்கு அவர் என்ன பதில் ஏசினார் என்பவையே திரும்பத் திரும்ப வந்தன. சில நாளிதழ்கள் உட்பக்கங்களில் நல்ல கட்டுரைகளை வெளியிட்டன. அவற்றுக்கு நன்றி சொல்ல வேண்டும். ஆனால் முதற்பக்கத்தின் ஆரவாரத்தைத் தாண்டி உட்பக்கத்துக்குப் போகிறவர்கள் எத்தனை பேர்?

ஜூன் 1ஆம் நாள் மாலை, வாக்குச் சாவடியிலிருந்து வெளிவந்தவர்களைக் கேட்டு எடுத்த கணிப்புகள் வெளியாயின. ஆளும் கூட்டணிக்கு 350 இடங்களுக்கு மேல் கிடைக்கும் என்று பெரும்பாலான கணிப்புகள் கூறின; சில 400ஐயும் தொட்டன. மூன்றாம் நாள் எண்ணியபோது கிடைத்தது 293. இது புதிய அனுபவமும் அன்று. 2004ஆம் ஆண்டிலும் கணிப்புகள் அன்றைய ஆளும் கூட்டணியே வெல்லும் என்றன. தேர்தல் முடிவு அந்த அரசை வீட்டுக்கு அனுப்பியது. கணிப்புத் தவறியது எனக்குப் பெரிய குறை அன்று. மூன்று நாள் பொறுத்தால் தானே தெரியப்போகிற ஒன்றைச் சொல்வதற்கு அத்தனை மணி நேரமா என்பதே என் குறை. மணப்பந்தலிலே பெண்ணின் குணத்தையும் பிள்ளையின் தொழிலையும் விசாரிக்காமல், விருந்துக்கு எத்தனை இலை விழும் என்றே பேசிக்கொண்டிருப்பது போன்றது அது.

செய்தி பந்தயமாகும்போது வாக்காளன் பார்வையாளனாகிறான். பார்வையாளனுக்குக் கேள்விகள் தேவையில்லை. கைதட்டத் தெரிந்தால் போதும். கட்சிப் பகைமையும் மேலோட்டமான செய்தியும் ஒன்றுக்கொன்று தீனி போட்டு வளர்வது இவ்வாறுதான்.

முன்பு வேறு விதமாகவும் நடந்திருக்கிறது. 1957 டிசம்பரில் ஆயுள் காப்பீட்டுக் கழகத்தின் பணம் முந்த்ரா என்ற வணிகரின் நிறுவனங்களில் முதலீடு செய்யப்பட்டதைப் பற்றி மக்களவையில் கேள்வி எழுப்பியவர் பெரோஸ் காந்தி. அவர் ஆளுங்கட்சி உறுப்பினர், பிரதமரின் மருமகனும்கூட. நீதிபதி சாக்ளா தலைமையில் வெளிப்படையான விசாரணை நடந்தது. நிதியமைச்சராக இருந்த டி. டி. கிருஷ்ணமாச்சாரி 1958 பிப்ரவரியில் பதவி விலகினார். தம் கட்சியைத் தாமே கேள்வி கேட்டவரை அன்று அவை செவிமடுத்தது.

இன்று அத்தகையவருக்கு இடம் குறைந்துவிட்டது. 1967ஆம் ஆண்டில் ஹரியானாவில் சட்டமன்ற உறுப்பினர் ஒருவர் இரண்டு வாரத்தில் மூன்று முறை கட்சி மாறினார். அந்த நோய் பரவியதால் 1985ஆம் ஆண்டில் கட்சித் தாவல் தடைச் சட்டம் வந்தது. நோய்க்கு மருந்து தேவைதான். ஆனால் கட்சிக் கொறடாவின் கட்டளையை மீறி வாக்களித்தாலும் பதவி போகலாம் என்று அந்தச் சட்டம் விதித்தது. விலைக்காக மாறியவனையும் மனச்சாட்சிக்காக மறுத்தவனையும் அது ஒரே தட்டில் வைத்துவிட்டது. 1957 தேர்தலில் 42 சுயேச்சைகள் மக்களவைக்கு வந்தார்கள்; 2024இல் வந்தவர்கள் ஏழு பேர்.

பிறரைக் குறை கூறிவிட்டேன். என்னைப் போன்றோரின் குறையையும் சொல்ல வேண்டும். "எல்லோரும் ஒன்றுதான்" என்று சொல்லி, சாய்வு நாற்காலியில் சாய்ந்துவிடுவது எங்கள் வழக்கம். அதில் ஒரு கர்வமும் உண்டு. இரு தரப்பாரும் கூறுவதைக் கூட்டி இரண்டால் வகுத்துக் கிடைப்பது நடுவுநிலை ஆகாது. ஒருவர் சொல்வது உண்மையாகவும் மற்றவர் சொல்வது பொய்யாகவும் இருந்தால், உண்மையின் பக்கம் நிற்பதே நடுவுநிலை. வள்ளுவர் அதற்கென ஓர் அதிகாரமே வகுத்தார் என்றால், அது சோம்பேறிகளின் இருப்பிடம் என்று கருதியா வகுத்திருப்பார்? ஆராய்வதற்குரிய கருவிகளும் கையருகே இருக்கின்றன. உச்ச நீதிமன்றத்தின் தீர்ப்புகளால் 2003ஆம் ஆண்டு முதல் ஒவ்வொரு வேட்பாளரும் தம் சொத்து, கல்வி, குற்ற வழக்குகள் பற்றிய உறுதிமொழிப் பத்திரம் தருகிறார். தேர்தல் ஆணையம் அதை எல்லோரும் காணும்படி வெளியிடுகிறது. உறுப்பினர் அவையில் என்ன கேட்டார், என்ன பேசினார் என்பதும் நாடாளுமன்றப் பதிவுகளில் இருக்கிறது. படித்துப் பாராமல் நடுவில் நிற்பவன் வெறும் தூண்தான்.

செய்தியாளர்களிடம் எனக்கு ஒரு விண்ணப்பம் உண்டு. "யார் வெல்வார்?" என்று பத்துமுறை கேளுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. "வென்றால் என்ன செய்வார்? சென்ற முறை என்ன செய்தார்?" என்று ஒரு முறையேனும் கேளுங்கள்.

தேர்தல் முடிவு வந்த பிறகு ஒரு நாள் மாலை என் நண்பர் குளக்கரைக்கு வந்தார். சிறிது தூரம் பேசாமல் நடந்தோம். பிறகு, "குற்றம் எங்கே நடந்திருந்தாலும் எந்தக் காவல் நிலையத்திலும் புகார் கொடுக்கலாமாமே, புதிய சட்டத்தில் அப்படி இருக்கிறதா?" என்று கேட்டார். இருக்கிறது என்றேன். மின்னஞ்சல் போன்ற வழியில் அனுப்பினால் மூன்று நாளுக்குள் நேரில் வந்து கையெழுத்திட வேண்டும் என்பதையும் சொன்னேன். "இதை யாரும் நமக்குச் சொல்லவில்லையே!" என்றார். "எந்தப் பக்கம்?" என்று அன்று அவர் கேட்கவில்லை. இருட்டும்வரை அந்தச் சட்டத்தைப் பற்றியே பேசிக்கொண்டு நடந்தோம். சில பிரிவுகளில் அவருக்கும் எனக்கும் உடன்பாடு ஏற்படவில்லை. ஆயினும் மறுநாளும் அவர் வந்தார்.