பாவுக்குப் பல கைகள்



பாறசாலையிலிருந்து திருவனந்தபுரம் போகும் பஸ் நெய்யாற்றின்கரையைத் தாண்டும். அடுத்து பாலராமபுரம் வரும். கைத்தறிக்குப் பேர்போன ஊர்.

சுமார் 200 ஆண்டுகளுக்கு முன்பு, பாலராம வர்மா மகாராஜா காலம். நாகர்கோவில் பக்கத்துச் சாலியர் குடும்பங்கள் அங்கே குடியேறின. அவர்கள் பேச்சு தமிழ். 1956-ல் மாநில எல்லை பிரிந்தது. சொந்தக்காரர்கள் இரண்டு மாநிலத்துக்காரர் ஆனார்கள். உறவு பிரியவில்லை.

ஒரு வேட்டி நெய்ய ஒருவர் போதுமா? குழித்தறியில் உட்காருவது ஒருவர்தான். நாடாவுக்குத் தார் சுற்ற இன்னொருவர் வேண்டும். அது பெரும்பாலும் பெண்கள் வேலை. பாவு என்பது நீள நூல். அதற்கோ பல பேர் வேண்டும்.

விடியற்காலையில் தெருவில் பாவை நீளமாக விரிப்பார்கள். அரிசிக் கஞ்சி தடவுவார்கள். இரண்டு பக்கமும் நின்று பிரஷால் வாரிவிடுவார்கள். அறுந்த இழையை முடிவார்கள். வெயில் ஏறுமுன் வேலை முடிய வேண்டும். மழை வந்தால் பாவு கெடும். நேற்றுச் சண்டை போட்டவரும் இன்று எதிரே வந்து நிற்க வேண்டும். அங்கே சிநேகமும் ஒரு தொழில் கருவிதான்.

இப்போது தெருப் பாவு குறைந்துவிட்டது. விசைத்தறித் துணி மலிவாக வருகிறது. கைத்தறிக் கூலி போதவில்லை. பிள்ளைகள் வேறு வேலைக்குப் போகிறார்கள்.

நீங்கள் நெசவாளியா? வாங்கிய நூல் எவ்வளவு? கொடுத்த துணி எவ்வளவு? வந்த கூலி எவ்வளவு? கணக்குப் புத்தகத்தை நீங்களே படியுங்கள். படிக்கத் தெரியாத பக்கத்து வீட்டு அக்காவுக்கும் படித்துச் சொல்லுங்கள்.

பாவுக்குச் சேரும் கைகள், நியாயமான கூலி கேட்கவும் சேரட்டும்.