கரையாத மண்ணாங்கட்டி

(குறுவள மையக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



மேசைமேல் இரண்டு கண்ணாடி டம்ளர்கள் இருக்கின்றன. தண்ணீர் நிரப்பி, வாயில் கம்பிவலைத் துண்டு வைத்திருக்கிறேன். ஒன்றில் என் கொல்லையின் காய்ந்த மண்கட்டி. மற்றதில் என் மாணவன் வீட்டுக் கொல்லையின் கட்டி. இரண்டும் ஒரே செம்மண். நடுவே ஒரு வரப்புதான். வலையில் வைக்கிறேன், பாருங்கள்.

அந்த மாணவன் ஆட்டுக்காரர் வீட்டுப் பிள்ளை. அறுவடை முடிந்தால் பட்டியோடு போய்விடுவான். "நீ ஆடு மேய்க்கத்தான் லாயக்கு" என்று வகுப்பில் எல்லார் முன்னும் சொல்லியிருக்கிறேன். இப்போது நினைத்தாலும் கூசுகிறது.

என் கட்டி அதற்குள் பொலபொலவென்று உதிர்ந்துவிட்டது. பல வருடங்களாக மக்காச்சோளம், மூட்டை மூட்டையாக யூரியா, தட்டையையும் கொளுத்திவிடுவேன். மண்துகள்களைப் பிடித்துவைப்பது மட்கு, வேர், பூஞ்சை இழை, நுண்ணுயிர் சுரக்கும் பசை. நான் அவற்றுக்கு இரை எதுவும் போடவில்லை. மழை பெய்தால் மேல்மண் சேறாகி, காய்ந்ததும் ஓடு கட்டிவிடும். விதை முட்ட முடியாது.

அவர்கள் கொல்லையில் ஆட்டுப்பட்டி போடுகிறார்கள். ஒரு ராத்திரி ஓர் இடம், மறுநாள் பட்டி நகரும். புழுக்கையோடு மூத்திரமும் நேராக மண்ணில் இறங்குகிறது. எருக்குழியில் பாதி வீணாவது அந்த மூத்திரத்தின் தழைச்சத்துதான். வெயிலில் ஆவியாகும் முன் லேசாக உழுதுவிடுவார்கள். 'ஆட்டு எரு அவ்வருடம், மாட்டு எரு மறுவருடம்' என்பது நமக்குத் தெரிந்த பழமொழிதானே! இடையில் சணப்பு, கொளுஞ்சி விதைத்துப் பூக்கும்போது மடக்கி உழுவதும் உண்டு.

ஆனால் ஆடு நகர வேண்டும். ஒரே இடத்தில் தினமும் மேய்ந்தால் புல்லின் வேர் செத்து, நிலம் மொட்டையாகும். கல்வராயன் மலைச் சரிவில் இது இன்னும் மோசம். அங்கே மரவள்ளியைப் பிடுங்கும்போதே மண் புரண்டுவிடுகிறது. அடுத்த மழையில் ஓடைகள் செந்நிறமாக இறங்கும். கோமுகி ஆறு புறப்படுவதே அந்த மலையில்தான். சரிவுக்குக் குறுக்கே கல்வரப்பு, புல்வரிசை, ஊடுபயிராகத் துவரை, அவரை: இவை அந்த மண்ணை நிறுத்தும்.

இந்தச் சோதனைக்குச் செலவே இல்லை. பிள்ளைகளை அவரவர் கொல்லையிலிருந்து ஒரு கட்டி கொண்டுவரச் சொல்லுங்கள்; நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும். யார் வீட்டு மண் கரைகிறது என்று கேலி வராமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

வகுப்பில் இதைச் செய்த அன்று, என் டம்ளரை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தான் அவன். "சார், உங்க கொல்லையில பட்டி போட அப்பாவைக் கேக்கட்டுமா?" என்றான். கேட்கச் சொன்னேன். சனி, ஞாயிறில் மட்டும் அவன் காவலுக்கு வரலாம் என்பது என் நிபந்தனை.

அவர்கள் கட்டி இன்னும் வலைமேலேயே இருக்கிறது, பாருங்கள்.