பிரஷர் மாத்திரையும் அரைப்பேரும்
(கொழும்பு ஹெவ்லொக் டவுனில் நடந்த போயா தினக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



இங்கே கூடியிருக்கும் பலருக்கு வேலை கொழும்பில்; வீட்டு வேலை, வெள்ளவத்தைக் கடை வேலை. அப்பா அம்மா மலைநாட்டில் லயத்தில். போன் எடுத்தால் "மருந்து குடிக்கிறீங்களா?" என்று கேட்கிறோம். "குடிக்கிறேன்" என்கிறார்கள். சிலர் குடிப்பதில்லை. அதற்கான காரணத்தைத்தான் இன்று பேச வேண்டியிருக்கிறது.

பிரஷருக்கும், நெஞ்சுவலிக்கும், மாரடைப்பு வந்து தப்பியவர்களுக்கும் கொடுக்கும் மாத்திரைகளில் ஒரு வகை பீட்டா புளொக்கர். அட்டெனோலோல், பிசோப்ரோலோல், கார்வெடிலோல், ப்ரொப்ரனலோல் என்று கிளினிக் கொப்பியில் எழுதியிருக்கும். ஸ்கொட்லாந்துக்காரரான ஜேம்ஸ் பிளாக் 1960களில் இந்த வழியைக் கண்டுபிடித்தார். 1988இல் நோபல் பரிசும் பெற்றார். பயந்தாலும் மேடு ஏறினாலும் உடம்பில் அட்ரினலின் சுரந்து இதயத்தை விரட்டும். அந்த விரட்டலை மாத்திரை தடுக்கிறது. இதயம் மெதுவாக அடிக்கும், பிரஷர் இறங்கும்.

ஆபிசில் உட்கார்ந்திருப்பவருக்கு அது பெரிதாகத் தெரியாது. கூடையோடு செங்குத்து மலை ஏறும் அம்மாவுக்குத் தெரியும். இதயம் வேகமெடுக்க வேண்டிய நேரத்தில் எடுக்காது. கால் கனக்கும், மூச்சு வாங்கும். கை கால் குளிர்ந்து விறைக்கும். நுவரெலியாப் பனியில், விரலை நம்பிப் பிழைப்பவருக்கு இது சின்ன விஷயமா? கிலோ குறைகிறது. கங்காணி சோம்பல் என்கிறார், அரைப்பேர் விழுகிறது. அடுத்த நாள் மாத்திரை அலுமாரியிலேயே கிடக்கிறது. இது சோம்பல் இல்லை, மருந்தின் குணம். தோட்டக் கமிட்டித் தலைவர்மார் இதை நிர்வாகத்திடம் சொல்ல வேண்டும். வைத்தியரிடம் துண்டு வாங்கி, கொஞ்ச நாளைக்கு இலேசான வேலை கேட்பது பிச்சை அல்ல.

ஆனால் மாத்திரையைத் திடீரென்று நிறுத்தக் கூடாது. அடக்கி வைத்த இதயம் ஒரேயடியாக விரைந்தால், ஏற்கெனவே இதய வருத்தம் உள்ளவருக்கு நெஞ்சுவலியும் மாரடைப்பும் வரலாம். 2022இல் மருந்துத் தட்டுப்பாட்டில் நாடே தவித்தது நினைவிருக்கும். மாத்திரை முடிவதற்கு ஒரு வாரம் முன்பே அடுத்ததற்கு வழி பாருங்கள். நிறுத்துவதானாலும் வைத்தியர் படிப்படியாகக் குறைத்துத்தான் நிறுத்துவார்.

அளவு ஆளுக்கு ஆள் வேறு. இதயம் பலவீனமானவருக்கு பிசோப்ரோலோலை 1.25 மில்லிகிராமில் தொடங்கி, வாரக்கணக்கில் பார்த்துப் பார்த்து 10 வரை ஏற்றுவார்கள். பக்கத்து லயத்து மாமா குடிப்பது 5 என்பதால் நமக்கும் 5 என்றில்லை. தொடக்கத்துக் களைப்பு பலருக்குச் சில வாரங்களில் தணியும். தணியாவிட்டால் அளவைக் குறைக்கலாம், வேறு மாத்திரைக்கு மாற்றலாம். கெட்ட கனவு கண்டு தூக்கம் கெட்டால் அதையும் சொல்லுங்கள். ப்ரொப்ரனலோல் மூளைக்குள்ளும் போகும். வீசிங் உள்ளவர்கள் முதல் நாளே சொல்லிவிட வேண்டும், இது இழுப்பைக் கூட்டிவிடும். அட்டெனோலோல் சிறுநீரகம் வழியாக வெளியேறுவதால், சிறுநீரக வருத்தம் இருப்பதையும் மறைக்க வேண்டாம்.

சீனி வருத்தத்துக்கும் மருந்து எடுப்பவர்கள் கவனியுங்கள். சீனி இறங்கும்போது வரும் நடுக்கத்தையும் படபடப்பையும் இந்த மாத்திரை மறைத்துவிடும். வியர்வை மட்டும் மறையாது. வெறும் வயிற்றோடு மலைக்குப் போய், குளிரிலும் வியர்த்தால் உடனே சீனி போட்ட தேத்தண்ணி.

கிளினிக்கில் வைத்தியர் சிங்களத்தில் கேட்கிறார், அம்மா தலையாட்டிவிட்டு வருகிறார். இங்கே வேலை செய்யும் பிள்ளைகளுக்குச் சிங்களம் தெரியும். களைப்புக்கு மஹன்சி, தலைசுற்றுக்கு கரகெவில்ல என்று போனிலேயே சொல்லிக் கொடுங்கள். இன்னும் நல்லது, கிளினிக் நாளில் லீவு போட்டு ஒருமுறை கூடப் போங்கள்.

நாடி பார்க்கவும் சொல்லிக் கொடுங்கள். பெருவிரலுக்குக் கீழே மணிக்கட்டில் இரண்டு விரல் வைத்து, முழுதாக ஒரு நிமிடம் எண்ண வேண்டும். எண்ணியதைக் கொப்பியில் திகதியோடு எழுதினால் அளவைத் தீர்மானிக்க வைத்தியருக்கு அதைவிட உதவி இல்லை. 50க்குக் கீழே போனால் சொல்ல வேண்டும். மயக்கமும் சேர்ந்தால் அன்றே ஆஸ்பத்திரி.

மணிக்கூடு இருப்பவர் நேரம் பாருங்கள். மற்றவர்கள் கையை நீட்டுங்கள், இப்போதே எண்ணிப் பழகுவோம்.