பெயரும் பின்னெழுத்தும்

(நம் சங்கத்தின் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவு)



நம் சங்கத்து உறுப்பினர் பெயர்ப்பட்டியைப் புதிதாக அச்சிடுதல் இன்று முடிவு செய்யப்பட வேண்டிய பொருள்களுள் ஒன்று. அப்பட்டியில் ஒவ்வொருவர் பெயரின் பின்னும் அவரவர் பெற்ற பட்டங்களை எழுத்துக்களாற் குறித்தல் வேண்டுமா, வேண்டாவா என்னும் வினா எழுந்துள்ளது. அதுபற்றிச் சில கூறுமாறு செயலாளர் பணித்தனர. சிறு வினாவாகத் தோன்றினும், நாம் ஒருவரை ஒருவர் எவ்வாறு மதிக்கின்றோம் என்பதை இது தொட்டு நிற்றலின், சற்று விரித்துரைக்க விரும்புகின்றோம்.

முதற்கண், இவ்வழக்கு எங்கிருந்து வந்தது என்று நோக்குவோம். சங்கப் புலவர்தம் பெயர்களைக் காண்மின். மதுரைக் கூலவாணிகன் சீத்தலைச் சாத்தனார், மதுரை அறுவைவாணிகன் இளவேட்டனார், தங்கால் பொற்கொல்லனார், மருத்துவன் தாமோதரனார் என இவ்வாறு அவை வழங்குகின்றன. ஊரும் தொழிலும் முன்னே நிற்கின்றன. தானியம் விற்றவரும், துணி விற்றவரும், பொன் வேலை செய்தவரும், மருந்து கொடுத்தவரும் ஒரே தொகை நூல்களுள் ஒருங்கே இடம்பெற்றனர். அரசர் அளித்த ஏனாதி, காவிதி, எட்டி முதலிய சிறப்புக்களும் அக்காலத்து உண்டு. அவையும் ஏனாதி திருக்கிள்ளி என்பதுபோலப் பெயரின் முன்னரே வந்தன. பெயரின் பின்னே எழுத்துக்களை நிரல்பட வைக்கும் முறை ஆங்கிலக் கல்வியோடு நம்பால் வந்தது.

சென்னைப் பல்கலைக்கழகம் 1857-ஆம் ஆண்டு நிறுவப்பெற்றது. அதன் முதல் பி.ஏ. பட்டதாரிகளுள் ஒருவர் யாழ்ப்பாணத்துச் சி. வை. தாமோதரம்பிள்ளை அவர்கள். அவர் 1887-இல் கலித்தொகையைப் பதிப்பித்தார். அதே ஆண்டில் சீவகசிந்தாமணியைப் பதிப்பித்தவர் உ. வே. சாமிநாதையர் அவர்கள். ஐயரவர்கள் கல்லூரியிற் பயின்று பட்டம் பெற்றவரல்லர். ஆசிரியரிடத்து இருந்து பாடங்கேட்டவர். மகாமகோபாத்தியாயர் என்னும் பட்டம் அவருக்கு 1906-இல் வந்தது. சென்னைப் பல்கலைக்கழகம் டாக்டர் பட்டம் அளித்தது 1932-இல். ஒருவர்க்குப் பின்னெழுத்து முன்னரே இருந்தது. மற்றொருவர்க்குப் பணியெல்லாம் செய்த பின்னர்ச் சிறப்பு வந்தது. இருவர் ஏடுகளும் இன்று ஒரே பேழையில் அருகருகே இருக்கின்றன. அவற்றை எடுத்துப் படிப்பார் எழுத்துக்களை எண்ணுவதில்லை.

கணித மேதை இராமாநுசன் எப்.ஏ. தேர்விற் கும்பகோணத்திலும் தேறவில்லை, சென்னையிலும் தேறவில்லை. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் அவர்க்கு 1916-இல் பட்டம் அளித்தது. எப்.ஆர்.எஸ். என்னும் எழுத்துக்கள் 1918-இல் வந்தன. அவர்தம் குறிப்பேடுகளில் இருந்த கணக்குக்களோ பெரும்பாலும் அவர் கப்பலேறுவதற்கு முன்னரே எழுதப்பட்டவை.

இவ்வாறு கூறுவதனால், பட்டம் பயனற்றது என்று யாம் சொல்லுவதாகக் கொள்ளற்க. நம் குலத்தில் முதற்கண் பட்டம் பெற்றவர்களை நினைத்துப் பார்மின். எழுதப் படிக்க அறியாத தந்தையார் நிலத்தை ஈடு வைத்துப் பிள்ளையைப் படிப்பித்தார். அலுவலகத்தில் அத்தந்தையை ஒருமையில் விளித்த கணக்கர், பட்டம் பெற்ற மைந்தனை எழுந்து வரவேற்றனர். பெண்மக்கள் பெற்ற பட்டத்துக்குப் பின்னே எத்துணைத் தடைகள் கடக்கப்பட்டன என்பதைத் தாய்மார்கள் அறிவர். அவ்வெழுத்துக்கள் அவர்கட்குக் கேடயமாய் இருந்தன. அவற்றை இகழ்வது நன்றியின்மையாகும்.

ஆயினும் கேடயம் வெளியில் வேண்டப்படுவது. உறவினர் கூடியிருக்கும் முற்றத்தில் அதனை ஏந்தி இருப்பார் இலர். பின்னெழுத்து என்பது ஒரு சான்று. சான்று கேட்கப்படும் இடத்தில் அதனைக் காட்டல் கடமை. நோயாளி தம் உடலை ஒப்படைக்குமுன் மருத்துவர் கற்றது யாது என்று அறிதல் வேண்டும். ஆதலினன்றோ 2002-ஆம் ஆண்டின் இந்திய மருத்துவக் குழுவின் ஒழுக்க விதிகள், ஏற்கப்பட்ட மருத்துவப் பட்டங்களையும், மருத்துவ அறிவைத் தரும் சான்றுகளையும், தகுதியை உணர்த்தும் சிறப்புக்களையும் அன்றிப் பிறவற்றை மருத்துவர் தம் பெயரோடு சேர்த்தலாகாது என்று வரையறுத்தன.

நம் அரசும் இதிற் கருத்தாய் இருக்கின்றது. 1950-இல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பின் 18-ஆம் பிரிவு, படைத்துறைச் சிறப்பும் கல்விச் சிறப்பும் ஒழிந்த பட்டங்களை அரசு வழங்கலாகாது என்றது. ராவ்பகதூர், திவான்பகதூர் முதலியன அளிக்கும் வழக்கு ஒழிந்தது. பாரத ரத்தினமும் பத்ம விருதுகளும் 1954-இல் ஏற்பட்டன. அவை பட்டங்களல்ல என்றும், அவற்றைப் பெயரின் முன்னோ பின்னோ சேர்த்து வழங்கலாகாது என்றும் உச்சநீதிமன்றம் 1995-இல் தீர்ப்பளித்தது. நாட்டின் தலைசிறந்த விருதுக்கே இவ்வரம்பு உண்டெனின், நம் திருமண அழைப்பிதழ்களுக்கு ஒரு வரம்பு வேண்டாவா?

அவ்வழைப்பிதழ்களை எண்ணிப் பார்மின். மணமகன் பெயரினும் அவன் பின்னெழுத்துக்கள் நீண்டு கிடக்கின்றன. அவை நீளுந்தோறும் பெண்ணைப் பெற்றார் கொடுக்க வேண்டிய பொருளும் நீளுகின்றது. வரதட்சணையைத் தடுக்கும் சட்டம் 1961-இலேயே வந்தும், எழுத்துக்கு இவ்வளவு என்று விலை பேசுவார் இன்னும் உளர். தேர்வில் தேறாதார் அத்தேறாமையையும் பெயரின்பின் இட்டுக்கொண்ட வழக்கும் நம் நாட்டில் இருந்தது. சட்டத்தால் அமைந்த பல்கலைக்கழகமும் சட்டப்படி உரிமை பெற்ற நிறுவனமும் அன்றிப் பிறர் பட்டம் வழங்கலாகாது என்று 1956-ஆம் ஆண்டின் பல்கலைக்கழக மானியக் குழுச் சட்டம் கூறியிருந்தும், பணம் கொடுத்து டாக்டர் பட்டம் வாங்குவார் உளர். எழுத்துக்கு மதிப்பு உண்டு. மனிதனுக்கு இல்லை என்னும் எண்ணம் பரவிய இடத்தில் போலி எழுத்துக்கள் முளைத்தல் இயல்பே.

இவையினும் வருந்தத்தக்கது ஒன்று உண்டு. பட்டதாரிகள் பெயர் முன்னும், பிறர் பெயர் பின்னுமாக அச்சிட்ட பட்டியைக் கையில் வாங்கும் தச்சரும் உழவரும் கடைக்காரரும் அதனுள் தம் பெயரைத் தேடிக் கடைசித் தாளுக்குச் செல்லுகின்றனர். அடுத்த கூட்டத்துக்கு அவர்கள் வருவதில்லை. இச்சங்கத்தின் கட்டடத்துக்குக் கல் சுமந்தவர்களும், மாணவர் உதவிநிதிக்கு அரிசி விற்ற காசைக் கொடுத்தவர்களும் அவர்களே. அவர்கள் கொடுத்த நிதியாற் படித்தவன் பெற்ற எழுத்து, அவர்களையே பின்னே தள்ளுதல் அறமாகுமோ?

ஆதலின் இம்மகாசபை முன் இரண்டு கருத்துக்களை வைக்கின்றோம். ஒன்று, உறுப்பினர் பட்டியில் அனைவர் பெயரும் அகரவரிசையில், பழந்தமிழ் முறைப்படி ஊரும் தொழிலும் காட்டிப் பின்னெழுத்து இன்றி அச்சிடப்படுக. மற்றொன்று, பட்டியின் இறுதியில் உதவிப்பக்கம் ஒன்று அமைக்கப்படுக. மருத்துவம், சட்டம், கல்வி, தச்சு, மின்வேலை, உழவு ஆகிய துறைகளில் நம்மவர்க்கு உதவ இசைவார் தம் பெயரை ஆங்குத் தருக. அங்கே மட்டும் ஒவ்வொருவர் கற்ற கல்வியும் செய்த பணியும் முழுமையாக எழுதப்படுக. அவ்விடத்தில் எழுத்துக்கள் பிறர்க்குப் பயன்படும்.

இளைஞர்களே! நன்கு படியுங்கள், பெறக்கூடிய பட்டங்களையெல்லாம் பெறுங்கள். பெற்றபின், இன்னும் ஒரு பிள்ளை அதனைப் பெற வழி செய்யுங்கள். பெரியோர்கள் இக்கருத்துக்களை ஆராய்ந்து தக்கது செய்வார்களாக.