எருவா, கழிவா?

(முன்னாள் மாணவர் சங்க ஆண்டுச் சந்திப்பில் ஆற்றிய உரை)



பன்றி எருவைப் பற்றிப் பேசப் போகிறேன் என்றதும் பின் வரிசையில் ஒரு சிரிப்பு கேட்டது. சிரிங்க, பரவாயில்லை. பம்ப்பும் குழாயுமாகப் பிழைக்கிறவன் நான். உள்ளே ஓடுவது எதுவானாலும் எனக்கு ஒன்றுதான்.

முதலில் ஒரு சின்னக் கணக்கு. பயிருக்கு வேண்டிய தழைச்சத்து, அதாவது நைட்ரஜன், 45 கிலோ யூரியா மூட்டை ஒன்றில் ஏறக்குறைய 21 கிலோ இருக்கிறது. பன்றிக் கொட்டகையில் சாணமும் மூத்திரமும் கழுவிய நீரும் கலந்து தேங்குகிற கரைசலில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் வெறும் தண்ணீர். டன்னுக்கு 5 கிலோ தழைச்சத்து என்று வைத்துக்கொள்வோம். ஒரு மூட்டை யூரியாவுக்கு ஈடாக 4 டன் கரைசல் சுமக்க வேண்டும்! மூட்டை சைக்கிள் கேரியரில் போய்விடும். 4 டன்னுக்கு டேங்கர் வேண்டும். ஆகவே கொட்டகைக்கும் வயலுக்கும் உள்ள தூரம்தான் இதை எருவாக்குகிறது அல்லது கழிவாக்குகிறது என்பது என் கட்சி.

அமெரிக்காவின் ஐயோவா மாநிலத்தைப் பாருங்கள். இரண்டு கோடிக்கும் மேல் பன்றிகள். சுற்றிலும் கண்ணுக்கெட்டிய வரை மக்காச்சோளம். கொட்டகைத் தரைக்கு அடியிலேயே ஆழமான குழி. அறுவடை முடிந்த பின், குளிர் வரும்போது, குழியிலிருந்து வயலுக்கு நீண்ட ஹோஸ் போட்டு பம்ப் செய்கிறார்கள். டிராக்டர் அந்த ஹோஸை இழுத்துக்கொண்டே மண்ணைக் கீறி உள்ளே செலுத்துகிறது. காரணம் உண்டு. இந்தத் தழைச்சத்தில் பாதிக்கு மேல் அமோனியம் வடிவில் இருக்கிறது. மேலே ஊற்றினால் அமோனியா வாயுவாகப் பறந்துவிடும். மண்ணின் வெப்பம் 10 டிகிரிக்குக் கீழே இறங்கும் வரை பொறுத்திருக்கச் சொல்வதும் கணக்கோடுதான். குளிர்ந்த மண்ணில் அமோனியம் நைட்ரேட்டாக மாறுவது மந்தமாகிறது. மழையில் கரைந்து ஓடாது. அங்கே சோள விவசாயி காசு கொடுத்து இந்த எருவை வாங்குகிறார்.

அதே நாட்டில் வட கரோலினா. டூப்ளின், சாம்சன் என்ற இரண்டு மாவட்டங்களில் பன்றிகள் நெருக்கியடித்து நிற்கின்றன. தீவனச் சோளம் பெரும்பகுதி மத்திய மாநிலங்களிலிருந்து ரயிலில் வருகிறது. எரு திரும்பிப் போவதில்லை. திறந்த குட்டைகளில் தேக்கி, புல்வெளியில் பீய்ச்சி அடிக்கிறார்கள். தழைச்சத்தில் பெரும்பகுதி காற்றில் போகிறது. போகட்டும் என்பதுதான் அந்த அமைப்பின் நோக்கமே, ஏனென்றால் அவ்வளவையும் வாங்கிக்கொள்ள அக்கம்பக்கத்தில் பயிர் இல்லை. 1995-இல் ஒரு குட்டை உடைந்து 9 கோடி லிட்டருக்கு மேல் நியூ ஆற்றில் கலந்தது. 1997-இல் புதிய குட்டைகளுக்குத் தடை வந்தது, பழையவை நீடிக்கின்றன. பக்கத்து வீட்டுக்காரர்கள், அவர்களில் கறுப்பின மக்கள் நிறையப் பேர், நாற்றம் தாங்காமல் வழக்குப் போட்டு 2018-இல் ஜூரிகளிடம் வென்றார்கள். நம் பாடப் புத்தகத்தில் 'இழப்பு' என்று ஒரே சொல்லில் முடிவது அவர்கள் வீட்டு ஜன்னல் வழியே உள்ளே வருகிறது.

நெதர்லாந்து வேறு மாதிரி. தெற்கிலும் கிழக்கிலும் மணல் மண். கப்பலில் வந்திறங்கும் சோயாவைத் தின்று பன்றி வளர்கிறது. நைட்ரேட் நிலத்தடி நீரில் இறங்கியது. கால்நடை எருவிலிருந்து ஹெக்டேருக்கு ஆண்டுக்கு 170 கிலோ தழைச்சத்துதான் என்று ஐரோப்பிய நைட்ரேட் சட்டம் 1991-இல் வரம்பு வைத்தது. விளைவு, அங்கே பன்றி வளர்ப்பவர் காசும் கொடுத்து எருவையும் கொடுக்கிறார்! ஐயோவாவுக்கு நேர் தலைகீழ். பொருள் என்னவோ அதேதான்.

அதற்காக ஐயோவாவுக்கு முழு மதிப்பெண் போட்டுவிடாதீர்கள். அங்கே வயலுக்கு அடியில் வடிகால் குழாய்கள் ஓடுகின்றன. எருவிலிருந்தும், கூடவே போடும் ரசாயன உரத்திலிருந்தும் மிஞ்சுகிற நைட்ரேட் அவற்றின் வழியே ஆற்றுக்குப் போகிறது. கீழே டெமாயின் நகரம் அந்த ஆற்று நீரைத்தான் குடிக்கிறது. 2015-இல் நகரக் குடிநீர் வாரியம் மேலே உள்ள மூன்று மாவட்டங்கள் மீது வழக்குப் போட்டது, 2017-இல் தள்ளுபடி. 2025 ஜூனில் நைட்ரேட் ஏறியதால் வீட்டுப் புல்வெளிக்குத் தண்ணீர் விடவே தடை போட்டார்கள்.

எரு கொடுத்தது போதாதோ என்ற பயத்தில் மேலே இன்னொரு கை உரம் போடும் விவசாயி எல்லா ஊரிலும் உண்டு. அவரைக் குறை சொல்ல மாட்டேன். குழிக்குக் குழி, குழியின் மேலுக்கும் அடிக்கும், சத்து வேறுபடுகிறது. கையில் இருப்பது எவ்வளவு என்று அவருக்கு எப்படித் தெரியும்? குழாயில் ஓடும்போதே அகச்சிவப்பு ஒளியால் தழைச்சத்தை அளக்கும் கருவிகள் வந்துவிட்டன. விலைதான் அதிகம், அளவும் சில சமயம் பிசகுகிறது. இறுதியாண்டு ப்ராஜெக்ட்டுக்கு விஷயம் தேடுகிற தம்பி தங்கைகள் சாப்பாடு முடிந்ததும் என்னைப் பிடியுங்கள், படம் போட்டுக் காட்டுகிறேன்.