பற்பசைப் பெட்டியும் சிறுதேரும்



விளையாட்டுப் பொருள் பற்றித் தமிழவையில் பேச்செழுந்தால் முதலில் நினைவுக்கு வருவது சிறுதேர். கடியலூர் உருத்திரங்கண்ணனார் அதனைத் தம் இரு பாட்டுகளிலும் காட்டியிருக்கிறார். பட்டினப்பாலையில், உலரும் உணவைத் தின்னவந்த கோழியை விரட்ட மகளிர் எறிந்த பொற்குழை, சிறுவர் உருட்டும் முக்காற் சிறுதேரின் வழியில் தடையாகக் கிடக்கிறது. பெரும்பாணாற்றுப்படையில் வருவதோ, தச்சர் வீட்டுப் பிள்ளைகளும் கண்டு விரும்பும்படி புனைந்த தேர். முன்னது நகரச் செல்வத்துக்குச் சான்றாக மேடைதோறும் எடுத்துக்காட்டப் பெறுகிறது. பின்னதில் உள்ள விருப்பம் அத்துணை கவனம் பெறவில்லை. தேர் செய்யும் வீட்டிலேயே பிறந்த குழந்தையும், பிறர் பிள்ளைக்கென்று செய்த தேரைப் பார்த்து ஏங்குகிறது என்று அதற்குப் பொருள் கொள்ள இடமுண்டு.

அவ்வேக்கத்தின் அண்மைக்கால வரலாறு ஒன்று பற்பசைப் பெட்டிக்குள் கிடக்கிறது. சீபா நிறுவனத்தார் விற்ற 'பினாகா' பற்பசையின் பெட்டிக்குள் சின்னஞ்சிறு பிளாஸ்டிக் பொம்மை ஒன்று இலவசமாக வந்த காலத்தை, 1960களிலும் எழுபதுகளிலும் பிள்ளைப் பருவத்தைக் கழித்தோர் மறந்திருக்க இயலாது. விலங்கு, பறவை உருவங்களே அவற்றுள் பெரும்பாலானவை. விரல்நுனியில் நிறுத்திப் பார்க்கத்தக்க அளவின. 1952 முதல் இலங்கை வானொலியில் அமீன் சயானியின் குரலில் ஒலித்த 'பினாகா கீத்மாலா' என்னும் இந்திப் பாடல் நிகழ்ச்சி அப்பெயரை நாடெங்கும் பரப்பியது. ஆனால் இந்தி அறியாத தென்கோடிப் பிள்ளைகளுக்கு, அப்பெயர் பாட்டின் பெயராக இல்லாமல் பொம்மையின் பெயராகவே நின்றது.

பொம்மையைப் பெற்றவரின் மகிழ்ச்சியில் முதற்பங்கு, இன்னது வரும் என்று தெரியாமையில் இருந்தது. கடையிலிருந்து பெட்டி வந்தவுடன் பசையை ஒதுக்கிவிட்டுப் பொம்மையைத் தேடும் கைகள் எத்தனை! அடுத்த பெட்டி விரைவில் வரவேண்டும் என்பதற்காகப் பசையைத் தேவைக்குமேல் பிதுக்கிப் பெரியோரிடம் அடி வாங்கிய கதை, அத்தலைமுறையினர் கூடுமிடமெல்லாம் சொல்லப்படுவது. பல் துலக்குவதில் பிள்ளைகளுக்கு அப்படியோர் ஆர்வம் அதற்கு முன்னும் பின்னும் இருந்ததில்லை போலும்! முன்னர் வந்த உருவே மீண்டும் வந்துவிட்டால் வீட்டில் அழுகை. பள்ளியிலோ அதுவே செல்வம். இரட்டையாக இருப்பதைக் கொடுத்து இல்லாததை வாங்கலாம். ஒரு விலங்குக்கு இத்தனை கோலிக்குண்டு, இத்தனை சிலேட்டுக்குச்சி என்று பேரம் நடக்கும்.

இவை உடையோர் கதைகள். தேனி, சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம் என முல்லையாற்றை ஒட்டிக் கிடக்கும் ஊர்களில் அந்நாளில் பற்பசை வாங்கிய வீடுகள் எத்தனை என்று எண்ணிப் பார்க்கவேண்டும். வேப்பங்குச்சியும் அடுப்புக்கரியும் சாம்பலும், கொஞ்சம் கைப்பணம் இருந்தால் பொட்டலத்துப் பற்பொடியும் பல் துலக்கிய வீடுகளே மிகுதி. நாற்று நடவும் ஏலத்தோட்ட வேலைக்கும் சென்ற தாய்மாரின் பிள்ளைகளுக்குப் 'பினாகா' விலங்கு, மாதச் சம்பளக்காரர் வீட்டுப் பிள்ளையின் உள்ளங்கையில் காணக்கிடைத்த ஒன்று. நவராத்திரிக் கொலுவில், கீழ்ப்படியின் முன்னே முளைவிட்ட கேழ்வரகைப் புல்வெளியாக்கி, முகம் பார்க்கும் கண்ணாடியைக் குளமாக்கி அமைக்கும் பூங்காவில் இச்சிறு விலங்குகளும் மேயும். சுண்டலுக்கு வந்த பிள்ளைகள் படிகளின் மேல் வீற்றிருந்த தெய்வங்களைவிட அக்குளக்கரையையே நெடுநேரம் பார்த்து நின்றனர் எனின் அது பக்திக் குறைவு ஆகாது.

வடமொழியில் சூத்திரகர் இயற்றிய மிருச்சகடிகத்தின் பெயரே இப்படியொரு பிள்ளையின் அழுகையிலிருந்து வந்தது. அண்டை வீட்டுச் சிறுவனின் பொன்தேரைக் கண்ட பிள்ளை, தனக்குக் கிடைத்த மண்தேர் வேண்டாவென்று அழுகிறான். வசந்தசேனை தன் அணிகளைக் கழற்றி அம்மண்தேரை நிரப்புகிறாள். நாடகத்தின் பின்விளைவுகள் பல அவ்வணிகளால் நேர்கின்றன. பண்டிதமணி மு. கதிரேசச் செட்டியார் இதனைத் தமிழில் 'மண்ணியற் சிறுதேர்' என ஆக்கித் தந்தார். ஆங்கே அழும் பிள்ளைக்கு ஒரு வசந்தசேனை வாய்த்தாள். இங்கே வீரபாண்டிச் சித்திரைத் திருவிழாவின் பொம்மைக் கடைகள்தாம் வாய்த்தன. அங்கும் காசு கொடுத்தாக வேண்டும்.

நிறுவனத்தின் பல்நலப் பொருள் வணிகம் 1994இல் கோல்கேட் வசமாயிற்று. இலவசப் பொம்மைகளோ அதற்கு நெடுநாள் முன்பே நின்றிருந்தன. பின்வந்த தலைமுறைக்கு உருளைக்கிழங்கு வறுவல் பொட்டலத்தில் 'டாசோ' வில்லைகளும், 'கிண்டர் ஜாய்' முட்டையில் பொம்மைகளும் வாய்த்தன. பழைய விலங்குகளோ இன்று அரும்பொருளாக விலைபோகின்றன. வாங்குவோர் யாவரும் இழந்ததை மீட்பவர் என்று கொள்வதற்கில்லை. அன்று கிடைக்கப் பெறாதவரும் அவருள் இருக்கலாம்.

பிளாஸ்டிக் என்னும் சொல் பாட்டுக்கு ஆகாது என்போர் கவிஞருள் உண்டு. மரப்பாச்சியும் மண்சொப்பும் எழுதிய கைகளுக்கு அது உறுத்துவது இயல்பே. எனினும் இவ்வட்டத்தில் ஐம்பது, அறுபது வயதைக் கடந்த கவிஞர் பலருக்கும் உண்மையில் நினைவிலிருப்பது அந்த வழவழத்த சிறு விலங்காக இருக்கும்போது, மரப்பாச்சியை இரவல் வாங்குவானேன்? அதைப் பெற்ற கதை போதுமான அளவு சொல்லப்பட்டுவிட்டது. கொலுவின் கீழ்ப்படியருகே, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்ற பிள்ளையின் பாட்டு இனித்தான் எழுதப்பட வேண்டும். தச்சர் வீட்டுப் பிள்ளையை உருத்திரங்கண்ணனாரும் ஓரடியில் விட்டுச் சென்றுவிட்டார்.